விமான நிறுவன விமானி ஆவது எப்படி: மருத்துவச் சோதனையிலிருந்து வலது இருக்கை வரை

விமானி ஆக வேண்டும் என்று முடிவு செய்தவுடன் பலரும் பயிற்சிப் பள்ளியைத் தேடத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் தேட வேண்டியது மருத்துவரை. இந்த வழிகாட்டி முழுக்க இப்படி வரிசையைப் பற்றித்தான் பேசப்போகிறது, அதற்குக் காரணம் இருக்கிறது. விமானப் பயிற்சியில் பணமும் காலமும் அதிகம் கரைவது ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை சும்மா காத்திருக்கும் நாட்களில். எழுத்துத் தேர்வு பாக்கி, மருத்துவச் சான்று வரவில்லை, விமானம் பழுதுபார்ப்பில் நிற்கிறது, தேர்வாளர் கிடைக்கவில்லை என்று வாரங்கள் ஓடும். பறக்காத கை சீக்கிரம் மறந்துவிடும். மறந்ததைத் திரும்பக் கற்க மறுபடியும் அதே மணிக்கணக்கு, அதே செலவு.

விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், அடித்தளம் பொதுவானது. ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அமைப்பான ஐகாவோ, உரிமங்களுக்கான குறைந்தபட்ச அளவுகளைத் தன் முதலாம் இணைப்பில் வகுத்திருக்கிறது. தனியார் விமானி உரிமத்துக்கு வயது 17, வணிக விமானி உரிமத்துக்கு 18, பெரிய விமானங்களில் கேப்டனாக அமரத் தேவையான ஏடிபிஎல் உரிமத்துக்கு 21. இதன் மேல் அமெரிக்காவின் எஃப்ஏஏ, ஐரோப்பாவின் ஈயாசா, இந்தியாவின் டிஜிசிஏ போன்ற ஆணையங்கள் தங்கள் விதிகளைச் சேர்த்துக்கொள்கின்றன.

எனவே தொடங்கும்போதே ஒரு கேள்விக்கு விடை வைத்திருங்கள்: எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறீர்கள்? ஒரு நாட்டு உரிமம் இன்னொரு நாட்டில் தானாகச் செல்லாது. மாற்றிக்கொள்ள முடியும், ஆனால் அதற்குத் தேர்வுகள், சோதனைப் பறத்தல், மருத்துவச் சான்று, அப்புறம் காகித வேலைகள். வெளிநாட்டில் மலிவாக முடித்துவிட்டு ஊருக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், மாற்றத்துக்கு ஆகும் மாதங்களையும் அந்த மலிவுக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உடல் தகுதி: முதல் ரூபாய்க்கு முன்

வணிக விமானிக்கு வகுப்பு 1 மருத்துவச் சான்று வேண்டும். பயிற்சியைத் தொடங்க அதைவிட எளிய வகுப்பே போதும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. சட்டம் அனுமதித்தாலும் அப்படிச் செய்யாதீர்கள். வகுப்பு 1 கிடைக்கும் என்று உறுதியான பிறகே பள்ளிக்குப் பணம் கட்டுங்கள். எல்லாப் பயிற்சியும் முடித்த பின் இதய மின்வரைபடத்தில் ஒரு பிரச்சினை தெரியவந்தால் கட்டிய பணம் திரும்பாது.

கண்ணாடி போட்டவர்கள் விமானி ஆக முடியாது என்பது இன்னும் பலர் நம்பும் பழைய கதை. ஐகாவோ கேட்பது, கண்ணாடியுடனோ இல்லாமலோ ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரு கண்களும் சேர்ந்து 6/6. நிறப் பார்வைக் குறைபாடுதான் உண்மையான தடை. ஓடுபாதையின் ஓரத்தில் இருக்கும் பாப்பி விளக்குகள் நான்கில் இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரிந்தால் சரியான சரிவில் இறங்குகிறீர்கள் என்று பொருள். நான்கும் சிவப்பு என்றால் மிகத் தாழ்ந்துவிட்டீர்கள். ரேடியோ செயலிழந்தால் கட்டுப்பாட்டுக் கோபுரம் சிவப்பு, பச்சை ஒளியால்தான் உங்களிடம் பேசும். நிறப் புள்ளிகளுக்குள் மறைந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் இஷிஹாரா அட்டைகளில் தடுமாறினால் அத்துடன் கதை முடிந்ததாக எண்ண வேண்டாம்; பல ஆணையங்கள் கூடுதல் நிறச் சோதனைகளை ஏற்கின்றன.

எடுத்துக்கொண்ட மருந்து, பழைய அறுவைச் சிகிச்சை, மனநல சிகிச்சை எதையும் மறைக்காதீர்கள். மறைக்காமல் சொன்ன பல உடல்நிலைகளுக்கு மேல்பரிசோதனைக்குப் பிறகு அனுமதி கிடைக்கிறது. மறைத்தது பின்னால் தெரியவந்தால் உரிமமே போகலாம்.

மூன்று பாதைகள்

ஒருங்கிணைந்த பயிற்சி என்பது ஒரே பள்ளியில் தொடக்கத்திலிருந்து வணிக உரிமம் வரை முழுநேரமாகப் படிப்பது. பகுதி பகுதியான பயிற்சியில் ஒவ்வொரு உரிமத்தையும் தனித்தனியாக, வேலை பார்த்துக்கொண்டேகூட எடுக்கலாம். மூன்றாவது, விமான நிறுவனங்கள் தாங்களே ஆள் தேர்ந்து அனுப்பும் கேடட் திட்டம். 2006இல் ஐகாவோ கொண்டுவந்த எம்பிஎல் உரிமம் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகிறது. அதில் சிமுலேட்டரையும் சேர்த்து 240 மணிப் பயிற்சி குறைந்தபட்சம், பாடம் முழுக்க இரு விமானிகள் சேர்ந்து இயக்கும் ஜெட் விமானத்தை நோக்கியே அமையும். குறை என்னவென்றால், அந்த உரிமம் அனுப்பிய நிறுவனத்தோடு பிணைந்தது. நிறுவனம் ஆள் எடுப்பதை நிறுத்தினால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

என்னைக் கேட்டால், கையில் முழுப் பணமும் இல்லாதவர்களுக்குப் பகுதி பகுதியான வழி அதிகம் பொருந்தும். ஒரு கட்டத்தின் செலவு முழுவதும் சேர்ந்த பிறகு அந்தக் கட்டத்தைத் தொடங்கி, நிறுத்தாமல் முடிக்க வேண்டும். பாதிப் பணத்தோடு தொடங்கி மாதத்துக்கு இரண்டு மணி பறப்பது மிக விலையுயர்ந்த சிக்கனம்.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை

விளம்பரத்தில் எத்தனை விமானங்கள் என்று இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது, இன்று காலை பறக்கும் நிலையில் எத்தனை? ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர்கள், ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? பராமரிப்பு சொந்தமா, வெளியில் அனுப்புகிறார்களா? ஆண்டில் எத்தனை மாதம் பனிமூட்டத்தாலோ மழையாலோ பறப்பது நிற்கிறது? சோதனை எடுக்கும் தேர்வாளர் அங்கேயே இருக்கிறாரா? முக்கியமாக, கடந்த ஆண்டு முடித்த மாணவர்கள் உண்மையில் எத்தனை மணியில், எத்தனை மாதத்தில் முடித்தார்கள்? இதற்கு நேரடியான பதில் வராத இடத்தை விட்டு வந்துவிடுங்கள். நிர்வாகம் சொல்வதைவிட அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் சொல்வது அதிகம் உதவும்.

மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். பள்ளிகள் மூடப்படுவதுண்டு. அப்போது முன்பணம் கட்டியவர்கள் கடன் கொடுத்தவர்கள் வரிசையின் கடைசியில் நிற்கிறார்கள். தவணையாகக் கட்டுங்கள். பறக்காத மணிக்குப் பணம் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

எழுத்துத் தேர்வுகள்

விமானச் சட்டம், வழிசெலுத்தல், வானிலை, விமானத்தின் அமைப்பும் இயக்கமும், செயல்திறன் கணக்கு, மனிதக் காரணிகள், வானொலித் தொடர்பு. பெயர்கள் மாறினாலும் உள்ளடக்கம் எங்கும் ஏறக்குறைய இவைதான். ஈயாசாவின் ஏடிபிஎல் பாடத்திட்டத்தில் 13 தாள்கள், ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் வேண்டும், முதல் தாள் எழுதியதிலிருந்து 18 மாதங்களுக்குள் எல்லாம் முடிய வேண்டும். இந்தியாவில் தேர்ச்சி 70 சதவீதம்.

பள்ளிப் பருவத்து இயற்பியலும் கணிதமும் போதும். பயப்படும் அளவுக்கு ஆழமில்லை, ஆனால் அகலம் அதிகம். வினா வங்கியை மனப்பாடம் செய்து தேறிவிட முடியும் என்பதே இங்குள்ள சிக்கல். ஓர் எடுத்துக்காட்டு: உயரமானி உண்மையில் ஒரு காற்றழுத்தமானி. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) மாறினால் அது சுமார் 27 முதல் 30 அடி வித்தியாசம் காட்டும். அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு அளவைத் திருத்தாமல் பறந்தால், கருவி காட்டுவதைவிடத் தாழ்வாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். 10 ஹெக்டோபாஸ்கல் பிழை என்றால் கிட்டத்தட்ட 300 அடி. மனப்பாடம் செய்தவருக்கு இது ஒரு சரியான விடை மட்டும். புரிந்துகொண்டவர் மலைப்பகுதியில் இறங்கும்போது அளவை ஒருமுறை கூடுதலாகச் சரிபார்ப்பார்.

தேர்ச்சிக்குக் காலாவதி உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஈயாசாவில் தாள்கள் முடிந்ததிலிருந்து 36 மாதங்களுக்குள் வணிக உரிமமும் கருவிப் பறத்தல் தகுதியும் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் அனுமதி) எடுத்தாக வேண்டும். எஃப்ஏஏவில் தனியார், வணிக, கருவித் தேர்வுகளின் முடிவு 24 மாதங்களுக்குச் செல்லும். தேர்வும் பறத்தலும் ஒன்றையொன்று துரத்தும்படி திட்டமிடுங்கள்.

ஆங்கிலமும் ஒரு தேர்வுதான். ஐகாவோ அளவுகோலில் நிலை 4 குறைந்தபட்சம். அதை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், நிலை 5க்கு 6 ஆண்டு, நிலை 6க்கு மறுதேர்வே இல்லை. இலக்கிய ஆங்கிலம் யாரும் கேட்பதில்லை. கரகரக்கும் ரேடியோவில் பழக்கமில்லாத உச்சரிப்பைப் புரிந்துகொள்வதும், புரியாதபோது கூச்சமில்லாமல் மறுபடி சொல்லச் சொல்வதும்தான் தேவை. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃபே ஓடுபாதையில் இரண்டு 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். தெளிவில்லாத ரேடியோ சொற்கள் அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. புறப்பட அனுமதி தரும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை இன்று ரேடியோவில் உச்சரிக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்குப் பின்னால் அந்த விபத்து இருக்கிறது.

முதல் மணிகளும் தனிப் பறத்தலும்

பெரும்பாலும் செஸ்னா 172, பைப்பர் பிஏ-28, டயமண்ட் டிஏ40 போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில்தான் தொடங்குவீர்கள். முதல் பாடம் தரையிலேயே நடக்கிறது: விமானத்தைச் சுற்றி நடந்து, எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்து அதில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது, எண்ணெய் அளவு, வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாயின் உறையைக் கழற்றியாயிற்றா என்பது. சலிப்பான வேலைதான். சலிப்பாக இருக்கும்போதும் ஒழுங்காகச் செய்கிறாரா என்றுதான் நல்ல பயிற்றுநர் கவனிப்பார்.

பிறகு நேராகப் பறப்பது, திரும்புவது, ஏறுவது, இறங்குவது, அப்புறம் ஸ்டால். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால் தூக்கு விசை உடைந்துவிடும். இது எந்த வேகத்திலும் நடக்கலாம். மீள, மூக்கைத் தாழ்த்த வேண்டும். விமானம் விழுந்துகொண்டிருக்கும்போது மூக்கைத் தாழ்த்துவது மனித இயல்புக்கு எதிரானது, அதனால்தான் அதைக் கைக்குப் பழக்க வேண்டியிருக்கிறது. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447இல் பிட்டோ குழாய்களில் பனி அடைத்து வேக அளவீடு குழம்பியது, தானியங்கி இயக்கம் விலகியது. அதன்பின் மூக்கு உயர்த்தியே பிடிக்கப்பட்டு, ஸ்டால் நிலையிலேயே விமானம் கடலில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். சிறிய விமானத்தில் கற்கும் அடிப்படைப் பாடம் பெரிய விமானத்துக்கும் அப்படியே பொருந்தும். அசாதாரண நிலைகளிலிருந்து மீளும் பயிற்சி இன்று வணிகப் பயிற்சியின் தனிப் பகுதியாகியிருக்கிறது.

அடுத்து சர்க்யூட். ஓடுபாதையைச் சுற்றிச் செவ்வகமாகப் பறந்து, இறங்கி, மறுபடி ஏறுவது. தரையிறக்கத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரு கட்டத்தில் தேங்குவார்கள். கண்ணை விமானத்துக்கு முன்னால் உள்ள தரையில் வைக்காமல் ஓடுபாதையின் மறுமுனைக்குக் கொண்டுபோனால், எவ்வளவு தாழ்ந்திருக்கிறோம் என்பது மெல்லப் பிடிபடும். முன்னேற்றமே இல்லாதது போன்ற சில நாட்களுக்குப் பின் திடீரென்று வரும்.

ஒருநாள் பயிற்றுநர் இறங்கிக்கொண்டு தனியாக ஒரு சுற்று போய் வரச் சொல்வார். ஓர் ஆளின் எடை குறைந்ததால் விமானம் வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக ஏறும்; அதை எதிர்பார்த்திருங்கள். எத்தனையாவது மணியில் தனியாகப் பறந்தோம் என்பதை மாணவர்கள் ஒப்பிட்டுக்கொள்வார்கள். அதற்கும் பின்னாளில் நல்ல விமானி ஆவதற்கும் தொடர்பு கிடையாது.

தனியார் உரிமத்துக்கு ஐகாவோ அளவு 40 மணி. அது சட்டத்தின் அடிமட்டம். அதற்குள் முடிப்பவர்கள் குறைவு. செலவுக் கணக்கைக் குறைந்தபட்ச மணியில் போடாதீர்கள்.

மணி சேர்ப்பது

வணிக உரிமத்துக்கு ஐகாவோ கேட்பது 200 மணி, அங்கீகரித்த பாடத்திட்டமாக இருந்தால் 150. அதில் 100 மணி (அங்கீகரித்த பாடத்திட்டத்தில் 70) நீங்களே பொறுப்பு விமானியாக இருக்க வேண்டும். குறைந்தது 300 கடல் மைல், அதாவது 540 கிலோமீட்டர், இரண்டு வெவ்வேறு விமானதளங்களில் இறங்கி நிறுத்திய ஒரு நீண்ட பயணமும் வேண்டும். எஃப்ஏஏவின் பொது வழியில் 250 மணி.

பெரும்பாலான மாணவர்கள் வீணாக்கும் கட்டம் இதுதான். வீட்டு விமானதளத்தைச் சுற்றியே வட்டமடித்து எண்ணிக்கையை நிரப்புகிறார்கள். அதே எரிபொருளில் புதிய தளங்களுக்குப் போகலாம், குறுக்குக் காற்று உள்ள நாளில் பயிற்றுநருடன் இறங்கிப் பழகலாம், போகும் வழியில் வானிலை கெட்டால் திரும்பி வரும் முடிவை உண்மையாகவே எடுத்துப் பார்க்கலாம். நேர்முகத்தில் பறந்த மணிகளைப் பதியும் உங்கள் லாக்புக்கைப் புரட்டுபவருக்கு எது எது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பறக்காத மணியை எழுதுவது என்ற எண்ணமே வேண்டாம். அது குற்றம், விமானத்தின் பதிவேட்டோடு ஒப்பிட்டால் எளிதில் பிடிபடும்.

கருவிகளை நம்பக் கற்பது

மேகத்துக்குள் நுழைந்ததும் உள்காது பொய் சொல்லத் தொடங்கும். மெதுவான ஒரு திருப்பம் நீடித்தால் காதிலுள்ள திரவம் அதற்குப் பழகிவிடும், நேராகப் போவது போலவே தோன்றும். பிறகு உண்மையில் நேராக்கும்போது எதிர்ப்பக்கம் சாய்வது போல உடல் பதறும். வெளிப்பார்வையை மறைக்கும் முகமூடி போட்டு, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இதற்காகத்தான். ஒரு கருவியில் கண் உறைந்துவிடாமல் எல்லாவற்றையும் சுழற்சியில் பார்ப்பதுதான் இங்கே திறமை.

இறுதியில், ரேடியோ அலைகளால் ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் வழியே பொதுவாக 3 பாகைச் சரிவில் இறங்கி, முதல் வகை அணுகுமுறையில் 200 அடி முடிவு உயரத்துக்கு வரும்போது ஓடுபாதையின் அடையாளங்கள் தெரியவில்லையென்றால் மேலே ஏறிவிட வேண்டும். இன்னும் ஐந்து விநாடி பார்ப்போம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

இதோடு இரட்டை எஞ்சின் தகுதி. ஓர் எஞ்சின் நின்றால் விமானம் அந்தப் பக்கம் திரும்ப முயலும். மற்றக் காலால் மிதித்துத்தான் நேராக வைப்பீர்கள். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்க எஞ்சின்தான் நின்றிருக்கிறது. அவசரத்தில் நன்றாக ஓடும் எஞ்சினை அணைத்துவிடாமலிருக்க இந்தக் காலறிவு உதவும். கருவிப் பயிற்சியும் இரட்டை எஞ்சினும் தொடர்ச்சியாக, ஒரே மூச்சில் முடிக்க வேண்டியவை. இங்கே விழும் இடைவெளிதான் அதிகம் செலவு வைக்கும்.

200 மணியா, 1500 மணியா?

வணிக உரிமம், கருவித் தகுதி, இரட்டை எஞ்சின், ஏடிபிஎல் எழுத்துத் தேர்வுகள் இருந்தால் உலகின் பல நாடுகளில் விமான நிறுவனத்தின் வலது இருக்கைக்கு, அதாவது துணை விமானி இடத்துக்கு, விண்ணப்பிக்கலாம். 1500 மணி சேர்ந்த பிறகு ஏடிபிஎல். அமெரிக்காவில் அப்படி இல்லை. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தபின் வந்த சட்டத்தால், 2013 முதல் துணை விமானிக்கும் ஏடிபிஎல் வேண்டும். பொதுவாக 1500 மணி. ராணுவ விமானிக்கு 750, அங்கீகரித்த விமானவியல் இளங்கலைப் பட்டத்துடன் 1000 என்று சலுகைகள் உண்டு. விழுந்த கோல்கன் விமானத்தின் இரு விமானிகளுக்கும் ஏற்கெனவே 1500 மணிக்கு மேல் இருந்தது. ஸ்டால் எச்சரிக்கைக்கு எதிர்மாறாகச் செயல்பட்டதே விபத்துக்குக் காரணம் என்று விசாரணை சொன்னது. மணிக்கணக்கு மட்டுமே பாதுகாப்பா என்ற விவாதம் அதனால்தான் இன்னும் ஓயவில்லை. எப்படியும், 250 மணிக்கும் 1500 மணிக்கும் நடுவே அமெரிக்காவில் பெரும்பாலோர் பயிற்றுநராக வேலை செய்கிறார்கள். கற்பிக்கும்போதுதான் தனக்கு எது புரியவில்லை என்று தெரியவரும், ஆகவே அது வீண் காலமும் இல்லை.

இருவராக இயக்குவது

இதுவரை தனி ஆளாகப் பறந்தீர்கள். இனி இரண்டு பேர். 1978 டிசம்பர் 28 அன்று போர்ட்லாந்து அருகே யுனைடெட் 173 விமானக் குழு, தரையிறங்கும் சக்கரத்தின் கோளாறை ஆராய்ந்தபடியே சுற்றிக்கொண்டிருந்ததில் எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவதைக் குழுவினர் உணர்ந்திருந்தும் கேப்டனின் கவனத்தை அதில் திருப்ப முடியவில்லை. சிஆர்எம் என்ற குழுச் செயல்பாட்டுப் பயிற்சி பிறந்ததற்கு இந்த விபத்து ஒரு பெரிய காரணம். துணை விமானி கேப்டனிடம் மரியாதையோடும் தயக்கமில்லாமலும் தவறைச் சொல்ல வேண்டும், கேப்டன் அதைக் கேட்க வேண்டும். பெரியவர்களை எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு இது எஞ்சின் கோளாறைவிடக் கடினமான பாடம்.

வேலை முதலில், டைப் ரேட்டிங் பிறகு

ஏர்பஸ் ஏ320, போயிங் 737 என ஒவ்வொரு வகைக்கும் டைப் ரேட்டிங் என்ற தனித் தகுதி வேண்டும். அது விலை அதிகமான பயிற்சி, பயன்படுத்தாமல் விட்டால் காலாவதியாகும். வேலை உறுதியாகாமல் உங்கள் பணத்தில் அதை வாங்குவது பெரிய சூதாட்டம். சந்தை கட்டாயப்படுத்தினால்கூட, குறிப்பிட்ட நிறுவனம் குறிப்பிட்ட வகைக்கு ஆள் எடுப்பது தெரிந்த பிறகே யோசியுங்கள்.

நிறுவனம் ஆள் எடுக்கும் தேர்வில் பொதுவாக எழுத்து, திறனறித் தேர்வு, குழு விவாதம், நேர்முகம், சிமுலேட்டர் ஆகியவை வரும். சிமுலேட்டரில் நீங்கள் பறக்காத விமானத்தைக் கொடுத்து, குறைசொன்னதும் எவ்வளவு சீக்கிரம் திருத்திக்கொள்கிறீர்கள் என்று பார்ப்பார்கள்.

டைப் ரேட்டிங் பெரும்பாலும் முழு அசைவு சிமுலேட்டரில் நடக்கும். வி1 என்ற முடிவு வேகத்தைத் தாண்டியபின் எஞ்சின் நின்றால் நிறுத்தக் கூடாது, ஏறியே ஆக வேண்டும். இந்த ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்வீர்கள். புதியவர்களுக்கு அதன்பின் பயணிகள் இல்லாத உண்மை விமானத்தில், வழக்கமாக 6 முறை, ஏறி இறங்கும் பயிற்சி. பிறகு பயணிகளோடு, பயிற்சி கேப்டன் பக்கத்தில் அமர லைன் பயிற்சி. தொடக்கத்தில் பின்னால் இன்னொரு தகுதியுள்ள விமானியும் இருப்பார். கடைசியில் லைன் சோதனை. தேறினால் நீங்கள் துணை விமானி.

அன்றே நாட்காட்டியில் சில தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சான்று 40 வயதுக்குள் பொதுவாக 12 மாதம். சிமுலேட்டர் சோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது பரவலான நடைமுறை. பயணிகளோடு பறக்க, கடந்த 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். ஆங்கில நிலை 4 என்றால் மூன்றாம் ஆண்டு முடிவு. இவற்றில் எது தவறினாலும் அது சரியாகும் வரை பணிப்பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது.